மூடியில் எழுதிய இருபது வோல்ட்

அன்று கடையில் இருந்தது மூன்றே பேர். முதலாளி, என்னோடு வேலை பார்த்த மூத்தவர் சாலமோன் அண்ணாச்சி, நான். மேஜைமேல் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்த ஆம்ப்ளிஃபயரையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு ரேடியோக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே வால்வு சூடேறித் தூசி கருகும் வாசனை; எங்கள் பழைய கடையின் அதே வாசனை. மழை விடுமுன்னே நடையைக் கட்டிவிட்டேன்.

யுத்த காலம். ராஜபாளையத்தில் எங்கள் முதலாளி கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டார். செட் வெளியே போகுமுன் வோல்ட்டை அளந்து, பெட்டி மூடியின் உட்புறம் சாக்பீஸால் எழுதிப் பெயரும் போட வேண்டும். போன இடத்தில் வால்வு போனால் அதன் விலையைப் பெயர் போட்டவர் சம்பளத்தில் முதலாளி பிடிப்பார். பல்பு மாதிரி எரியும் அந்தக் கண்ணாடி வால்வோ அப்போது கள்ளச் சந்தையில்தான் கிடைத்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எதற்கும் பயம். பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். மீட்டர் கம்பியை வைக்கும்போது ஷாக் நெஞ்சுக்குப் போகக் கூடாதென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வோம். உள்ளங்கை வேர்வையில் என் சட்டை முதுகு நனைந்தே இருக்கும். "ஏலே, மீட்டரே ஒன்னப் பாத்துப் பயப்படுது" என்பார் அண்ணாச்சி.

அன்று செட் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பெரிய வால்வுகள் இரண்டின் காலிலும் இருபது வோல்ட் காட்ட வேண்டும். முள் முப்பதைத் தொட்டது. மூன்று தடவை பார்த்தேன். முப்பதுதான். அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது, வால்வு தாங்காது என்று தெரியும். ஆனால் முந்தின நாள் அதைக் கழற்றித் துடைத்தவன் நான். நான்தான் கெடுத்தேன் என்றாகிவிடும்.

"எம்புட்டுல?" என்றார் அண்ணாச்சி, ஸ்பீக்கர் குழாய்களைக் கயிற்றால் கட்டியபடி.

"இருவது. கையெல்லாம் வேர்வை, சாக்பீஸ் வழுக்குது. நீங்களே எழுதிருங்க அண்ணாச்சி."

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. "நீ பாத்த பொறவு நான் என்னத்தப் பாக்க" என்று சிரித்துக்கொண்டே எழுதிப் பெயரும் போட்டார். முதலாளி நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

முகூர்த்தத்துக்கு முன்பே வால்வுகள் தணலாகச் சிவந்தன. பாட்டு முனகி நின்றது. சாப்பாட்டு நேரத்தில் முதலாளி பந்தி நடுவில் அண்ணாச்சியை நிறுத்தி, மூடியைக் கையில் கொடுத்தார்.

"சத்தமா வாசி. செட்டுதான் பேசல, நீயாவது பேசு."

"இருவது வோல்ட். சாலமோன்."

"இன்னொரு தடவ. கடைசி எலைக்கும் கேக்கட்டும்."

வாசித்தார். இலைமுன் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே என்று.

திரும்பும் வண்டியில் அவர்தான் என்னைத் தேற்றினார். "நீ ஏம்ல நடுங்குத? ஒம் பேரா எழுதியிருக்கு?"

இருபது ரூபாய்ச் சம்பளத்தில் மாதம் ஆறு பிடித்தார்கள். அவர் வீட்டில் ஐந்து பேர். மதியத்துக்குத் தூக்குவாளி கொண்டுவருவதை நிறுத்தினார். கேட்டால், "வயிறு சரியில்லப்பா" என்பார். அவர் எதிரேதான் நான் சாப்பிட்டேன். சோறு இறங்கவும் செய்தது.

ஆறாம் மாதம் கடைசிப் பிடித்தம் முடிந்த மறுநாள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. இன்று அந்தக் கடை இல்லை, முதலாளி இல்லை, மூடியில் பெயர் போடும் வழக்கமும் இல்லை. அண்ணாச்சிக்கு நான் தர வேண்டியது முப்பத்தாறு ரூபாய்.