முதுகுப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மச்சாண்டாரின் பிறந்தநாளை ஒரு ஹோமில் கொண்டாடினோம். மச்சாண்டார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். கேக் வெட்டினோம், பிரியாணி பரிமாறினோம், போட்டோ எடுத்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. புதன்கிழமை காலையில் ஹோம் வார்டனிடமிருந்து போன். “அந்த போட்டோ விஷயமா கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களாக்கா?”

இப்படி ஒரு போன் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘என்ன விஷயம்?’ என்று கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே... அடுப்பை அணைத்தேன். அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகு மறுபடியும் சந்தேகம் வந்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கவலைப்படுவதுதான் என் முழுநேர உத்தியோகம். எழுதுவது பார்ட் டைம்.

அந்த ஹோம் கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. வீட்டை விட்டு ஓடி வந்தவன், பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு ஜன்னலை உடைத்தவன், யாருடைய பைக் என்று கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தவன்... இப்படிப்பட்ட பையன்களைக் குழந்தைகள் நலக் கமிட்டி அங்கே அனுப்பி வைக்கும். எல்லோரும் மீசை அரும்பும் வயசு.

முதல்முறை என்னை அங்கே எதற்குக் கூப்பிட்டார்கள் தெரியுமா? படிப்பின் அருமை பற்றிப் பேச. ஒன்பதாவதோடு நின்றவளை! பேசி முடித்ததும் ஒருத்தன் எழுந்து, “நீங்க எத்தினாவது படிச்சிருக்கீங்கக்கா?” என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். அந்தப் பேச்சிலேயே அதற்குத்தான் பெரிய கைதட்டல். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் போகிறேன். பேசுவதில்லை. கேரம் ஆடுகிறேன், தோற்கிறேன். எனக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் டென்ஷன் அக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, கூப்பிடுவதே அப்படித்தான்.

காலையில் டிரில், அப்புறம் தோட்டத்துக்குத் தண்ணீர், பாடம், தையல் கிளாஸ், சாயங்காலம் வாலிபால், ராத்திரி டிவி ரிமோட்டுக்கு அடிதடி. இதுதான் அவர்களுடைய நாள். ஆனால் இந்தப் பையன்கள் உண்மையிலேயே கரை கண்ட கலை ஒன்று இருக்கிறது. அது பிறந்தநாள்.

அவர்களுடையது இல்லை... மற்றவர்களுடையது.

ஊரில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இப்போதெல்லாம் கேக்கோடு ஹோமுக்கு வந்துவிடுகிறார்களே. முன்பின் தெரியாத யார் யாருக்கோ ஹேப்பி பர்த்டே பாடிப் பாடிப் பையன்கள் தொழில்முறைக் கலைஞர்கள் ஆகிவிட்டார்கள். டப்பாவைத் திறக்காமலே பட்டர் க்ரீமா, ஃப்ரெஷ் க்ரீமா என்று சொல்லிவிடுவார்கள். வந்தது சாப்பாடு என்றால் பாட்டு நிதானமாக வரும். பிரியாணி என்றால், அது ஆறிவிடக்கூடாதில்லையா, பாட்டு எக்ஸ்பிரஸ் வேகம். வந்தவர் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் அதற்கும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் ஒருத்தன் கைதட்டுவான். உடனே மொத்தக் கூட்டமும் தட்டும். பேசியவர் பேச்சு முடிந்துவிட்டது என்று தானே நம்பி உட்கார்ந்துவிடுவார்.

அடுத்தது போட்டோ. இங்கே ஒரு ரூல் இருக்கிறது. இந்தப் பையன்களின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. சட்டம். நாளைக்கு வேலை, கல்யாணம் என்று போகும்போது, ‘இவன் அந்த ஹோம் பையன்’ என்று யாரும் விரல் நீட்டக்கூடாது என்பதற்காக. அதனால் யாராவது போனைத் தூக்கினால் போதும், பையன்கள் தானாகவே மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து கேமராவுக்கு முதுகு காட்டி வரிசையாக நின்றுவிடுவார்கள். படத்தில் பிறந்தநாள்காரர் சிரித்துக்கொண்டிருப்பார், அவருக்கு முன்னால் ஒரு வரிசை பின்னந்தலைகள்.

மாதம் ஒருதரம் முடிவெட்ட ஆள் வரும். எல்லா ஊரிலும் பையன்கள் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடிக்கச் சொல்லிப் பிடரியைப் பார்க்கிறார்கள். படத்தில் வரப்போவது அதுதானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் நடுவில் ஒருவன் இருக்கிறான். பெயர் எழுதக்கூடாது, அதுவும் ரூல். ‘என்ன பெயர் போடட்டும்?’ என்று அவனையே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “ஆதித்யா” என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கேரம் போர்டிலிருந்த காயெல்லாம் நகர்ந்துவிட்டது. ஆதி என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஒரு ஊர் அவனுக்கு. அப்பா இல்லை. அம்மா ஆடு மேய்க்கிறாள். ஆதி பள்ளிக்கூட ஹாஸ்டலிலிருந்து ஓடிக் கீழே இறங்கியவன். நான் சொன்னேனே, யாருடைய பைக் என்று கேட்காமல் ஏறியவன், அவன்தான். அது திருட்டு பைக். போலீஸ், கமிட்டி, ஹோம் என்று சுற்றி வந்து சேர்ந்து மாசக்கணக்காகிறது. அம்மா ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி ஓட்டுகிறார். வார்டன் அவருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னால், அந்தம்மா எழுந்து போய்விடுவாளாம். ‘அந்த ஊர் சோறு ருசியா இருக்குதுன்னுதான போனான், அங்கயே இருக்கட்டும்’ என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் பதில்.

வரும் திங்கட்கிழமை கமிட்டி உட்காரப் போகிறது. ‘பையனை யார் பொறுப்பில் அனுப்புவது?’ என்று கேட்பார்கள். வீட்டிலிருந்து யாரும் வராவிட்டால் பதினெட்டு முடிகிறவரை ஆதிக்கு ஹோம்தான்.

மச்சாண்டார் வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஆதி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அக்கா, உங்க மாமாவுக்குத்தான பம்புசெட்டு சாமான் கடை? எங்க ஊரு பிக்கப் அண்ணன் அங்கதான் வாங்கும். உங்க மாமா போட்டோவ ஸ்டேட்டஸ் வெப்பாரா?”

வைப்பார் என்றேன். மச்சாண்டார் காலை வணக்கத்தையே தினமும் நாலு வைக்கிறவர்.

“அப்போ அந்த அண்ணன் பாத்துடும். யாரு ஸ்டேட்டஸ் வெச்சாலும் பாக்கும். மலையில வண்டி ஓட்டிக்கினு வரும்போதே பாக்கும். எங்கம்மாகிட்ட காட்டும். போன்னா எய்ந்து பூடும். போட்டோன்னா பாத்துத்தான ஆவணும்?”

மலைப்பாதையில் அந்த அண்ணன் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டே வளைவில் திரும்புவது என் கண்முன்னால் வந்துவிட்டது. அந்தக் கவலையை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, ‘உன் முகம்தான் தெரியாதே?’ என்று கேட்டேன்.

“ஒரே ஒரு செகண்டு திரும்பிக்கவாக்கா?”

கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, இவன் திரும்பிவிட்டால், அந்தப் படம் மச்சாண்டார் ஸ்டேட்டஸில் ஊர் முழுக்கப் போய்விட்டால், வார்டனுக்கு வேலை போய்விட்டால்... வார்டனின் பிள்ளைகள் படிப்பு நின்றுபோவதுவரை நினைத்து முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையத்திலிருந்து மச்சாண்டார் வந்து இறங்கினார். சென்னையிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டை. மனிதருக்கு ஜென்மத்தில் இது முதல் கேக். பையன்கள் எக்ஸ்பிரஸ் வேகத்தில் பாடினார்கள், பிரியாணி வாசனை அப்படி. பேசச் சொன்னோம். “நானும் ஒரு காலத்துல...” என்று ஆரம்பித்தார். மூச்சு வாங்கினார். கைதட்டல். உட்கார்ந்துவிட்டார்.

நான் அவர் போனைத் தூக்கினேன். பையன்கள் இந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

“இன்னாம்மா, எல்லாம் உனக்கு முதுகு காட்டிக்கினு நிக்கிறானுங்க?”

ரூலைச் சொன்னேன். ‘நீங்கள் மட்டும் இந்தப் பக்கம் பாருங்கள் மாமா’ என்றும் சொன்னேன். அவர் எங்கே பார்த்தார்? அத்தனை முகமும் அவருக்கு எதிரில், ஒரு கை தூரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். சிரிப்பு மெல்லக் கரைந்துகொண்டு வந்தது.

யோசித்துப் பாருங்கள். தையல் மிஷின் கொடுக்கிறவரும் கேமராவைப் பார்க்கிறார், வாங்குகிறவரும் கேமராவைப் பார்க்கிறார். எந்த தர்மப் படத்திலாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைப் பார்த்திருக்கிறோமா? இந்த ஒரு படத்தில்தான் கொடுக்கிறவருக்கு வேறு வழியில்லை.

என் கண் முழுக்க ஆதி மேலேயே இருந்தது. நட்டநடுவில் இடம் பிடித்திருந்தான். நான் பட்டனை அமுக்கும்போது அவன் தோள் லேசாக அசைந்தது. திரும்பவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான், அவ்வளவுதான். அப்பாடா என்றிருந்தது. அன்று ராத்திரியே படம் மச்சாண்டாரின் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது.

புதன்கிழமை நான் ஹோமுக்குள் நுழைந்தபோது வார்டன் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, மலைப் பஸ்ஸில் வந்த களைப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“படம் புடிச்சது நீங்களா?”

ஆமாம் என்றேன்.

“ஒத்தக் கால்ல நிக்கிற புள்ளைய நிக்க வெச்சி இன்னா படம்மா வேண்டிக்கெடக்குது?”

ஆதியின் அம்மா.

வார்டனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வார்டன் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். பின்னந்தலைகள், ஒரே மாதிரி டிரவுசர்கள். நடுவில் நின்றவனின் இடது குதிகால் தரையில் படவே இல்லை.

முகம் தெரியாமல் உங்கள் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“மூஞ்சியா? ஆடு மேய்க்கிறவ நானு. பொழுதன்னிக்கும் அதுங்க பின்னாலதான் நடக்குறேன். ஒரு குட்டி நொண்டுச்சின்னா பின்னாலருந்து எனக்குத் தெரியாதா?”

ஆதியைக் கூப்பிட்டார்கள். வந்தான். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் பயமோ, பழக்கதோஷமோ... அப்படியே முதுகைக் காட்டி நின்றுவிட்டான்.

“இங்க இன்னா கேமராவா இருக்குது? திரும்புடா.”

திரும்பினான். தோளில் ஒரு அடி விழுந்தது. பிறகு அவள் கீழே உட்கார்ந்து அவன் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கணுக்கால் வீங்கியிருந்தது. விஷயம் மெதுவாக வெளியே வந்தது. சனிக்கிழமை வாலிபாலில் பிசகியிருக்கிறது. சொன்னால் வார்டன் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார், படத்தில் வரமுடியாது. சொல்லவில்லை.

வேண்டாத எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவள் நான். அவன் தலை எந்தப் பக்கம் திரும்புமோ என்று பார்த்தேனே தவிர, காலைப் பார்க்கவில்லை. என் கைப்பையில் க்ரேப் பேண்டேஜ் எப்போதும் இருக்கும். எதற்கு இது என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை. எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மா வாங்கி, நான் சுற்றச் சொன்ன விதத்தில் சுற்றாமல், தன் விதத்தில் சுற்றினாள்.

வார்டன் மெதுவாகப் பேச்செடுத்தார். திங்கட்கிழமை கமிட்டி... யாராவது வந்தால்... அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. போனிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பெரியவரு யாரு? மூஞ்சியே சரியில்ல. அழுவுற மாதிரி இருக்காரு. அவருக்கு வூட்ல யாருமில்லியா, இங்க வந்து கேக்கு வெட்டுறாரு?”

பம்புசெட்டுக் கடை, நிலம், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் உண்டு என்றேன்.

“பாவம்” என்றாள், நான் சொன்னதை நம்பாமல்.

ஆதி சிரிப்பை அடக்கப் பார்த்தான். அடங்கவில்லை. அவளுக்கும் உதடு கோணியது, முந்தானையால் மூடிக்கொண்டாள். மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், கேட் வரைக்கும் போய், அங்கே நின்று வார்டனிடம் சொன்னாள்.

“திங்கக்கெழம வரேங்க. அதுக்குள்ள அவன நடக்க உடாதீங்க. நான் நடத்திக் கூட்டிக்கினு போவணும்.”

நல்ல செய்திதானே? எனக்கு அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை மழை பெய்தால்? மலைப்பாதையில் மரம் விழுந்தால்? பஸ் வராவிட்டால்? பிக்கப் அண்ணனைக் கூப்பிட்டு, ஒருவேளை பஸ் இல்லையென்றால் நீங்கள் கூட்டி வாருங்கள் என்றேன். மறுநாள் காலையில், நேற்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சாயங்காலம், டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்டேன்.

நேற்று அவரே கூப்பிட்டார். அந்தம்மா ஒரு சேதி சொல்லச் சொன்னாளாம். “இன்னொரு தடவ போன் வந்துதுன்னா நான் வரமாட்டேன்னு சொல்லிடு.”

போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து, என் வீட்டுக்காரரின் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன் — திங்கட்கிழமை வரைக்கும், நானே அழுது கேட்டாலும் தரக்கூடாது என்று.