‘பளிச்’ சலூனில் வெள்ளச் சேதம்

எங்கள் தெரு சலூன்காரரை எல்லோரும் ‘பளிச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டிய முடி தரையில் விழுந்து இளைப்பாறுவதற்குள் கூட்டிவிடுவார். யாராவது தும்மினால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார், பிறகுதான் நலம் விசாரிப்பார். இளம் வயதில் வேலை பார்த்த கடையின் அழுக்கு பொறுக்காமல்தான் சொந்தக் கடையே வைத்தார். இது அவர் வாயால் சொன்னது.

கடைக்கு வெள்ள இன்சூரன்ஸ் எடுக்க வைத்தது மனைவியின் பிடிவாதம். போன மழையில் ஆறு தெருவுக்குள் வந்தது. முழங்கால் அளவு என்று பலர் சொல்கிறார்கள். சரியாகச் சொன்னால், முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே. வடிந்ததும் மற்ற கடைக்காரர்கள் சேதத்தை அப்படியே விட்டுவிட்டு இன்சூரன்ஸ் சர்வேயருக்காகக் காத்திருந்தார்கள். பளிச் மட்டும் சேற்றை வாரி, பினாயில் ஊற்றிக் கழுவி, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்.

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏங்க, அந்த ஆள் வந்து என்னத்தைப் பார்ப்பார்? உங்க மூஞ்சியையா?”

“சேத்தோட விட்டுவைக்க மனசு வரலையே.”

பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த மைத்துனர் எட்டிப் பார்த்தார். “மாமா, என் கடையில சேறு ஏகத்துக்கும் இருக்கு. ரெண்டு வாளி தர்றேன். அவர் போனதும் திருப்பிக் குடுத்துடுங்க.”

“போடா மாப்ள! அது என் வாசப்படி தாண்டக் கூடாது.”

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் பெடலை மிதித்தால் மேலே ஏறும் அவருடைய இரண்டு நாற்காலிகளுக்குள்ளும் வெள்ளநீர் புகுந்திருந்தது. புதிது வாங்கக் கையில் எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

சர்வேயர் வந்தபோது நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தார்.

“இங்க வெள்ளம் வந்த மாதிரியே தெரியலையே?”

“வந்துச்சு சார். கழுவிட்டேன்.”

“நாற்காலி புதுசு மாதிரி மின்னுது. இதுக்கா பணம் கேட்டிருக்கீங்க?”

“அதையும் துடைச்சுட்டேன் சார். உள்ளுக்குள்ளதான் போச்சு. உட்கார்ந்து பாருங்க.”

உட்கார்ந்தார். பளிச் பெடலை மிதிக்க, ஜம்மென்று மேலே ஏறினார். “நல்லாத்தானே…” என்று தொடங்கியவர் மெல்ல மெல்ல இறங்கினார். கண்ணாடியில் நெற்றி மட்டும் மிஞ்சியது.

“சார், எங்க போறீங்க?” என்றார் வாசலில் நின்ற மைத்துனர்.

“நான் எங்கய்யா போறேன்? நாற்காலிதான் போகுது. இன்னொரு தரம் மிதிங்க.”

இரண்டாம் முறை இறங்கியபோது அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்து தரையில் ஓடியது. சர்வேயர் படமெடுக்கக் கைப்பேசியைத் தேடினார். அதற்குள் பளிச்சின் கையில் துணி வந்துவிட்டது.

“துடைக்காதீங்க!” மனைவி பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

சர்வேயர் நாலாபக்கமும் நின்று படமெடுத்தார். “சுவருக்கு ஒண்ணும் கிடைக்காது. நாற்காலி ரெண்டுக்கும் எழுதிடறேன்.”

நீர் பெஞ்சு வரை வந்துவிட்டது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். பளிச் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, “எடுத்தாச்சா சார்? எடுத்தாச்சா?” என்று கேட்டபடியே நின்றார்.