மேட்டுத்தெருக் குழாய்

இராஜபாளையத்தில் யாராவது டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி இருக்காமல் என்ன செய்யும்? அதை வடிகட்டுகிற மணலை மாதக்கணக்கில் அலசியது நாங்கள்.

எண்பதுகளின் கடைசியில் மலையடிவாரத்தில் ஊருக்கென்று பெரிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். ஃபில்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, மணலுக்கும் சரளைக்கும் ஊடே இறக்கி, பைப்பில் ஊருக்குள் அனுப்புவது. அப்போது நான் கல்யாணமாகி மேட்டுத்தெருவுக்கு வந்து இரண்டு வருஷம். வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் பார்த்தார். எனக்கு விடிந்தால் குடம்தான். தெருவில் கிணறு கிடையாது, குழாய் கிடையாது. ரயில்வே லைனைத் தாண்டிப் போனால் ஒரு தோட்டத்துக் கிணறு. தோட்டக்காரன் மனசு வைத்தால் இரண்டு குடம். வைக்காத நாளில் அவன் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதனால் ஃபில்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடினேன். கூலிக்காக மட்டும் போனேன் என்றால் பொய். நம்ம தெருவுக்குத் தண்ணீர் வரப்போகிற வேலை, நாமும் ஒரு கை வைப்போம் என்ற கிறுக்கு. நான் சொல்லி, தெருவில் பாதிப் பொம்பளைகள் என் பின்னால் வந்தார்கள்.

மணல் அலசுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சல்லடையில் சலித்து, தொட்டியில் கொட்டி, மிதித்து மிதித்துக் கலங்கலை வடிக்க வேண்டும். கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். ஓவர்சீயர் ஒரு கண்ணாடி பாட்டிலோடு வருவார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போவார். ஒரு பிடி மணலைப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். துளி கலங்கினாலும், "இன்னொரு தடவை அலசிருங்கம்மா" என்பார். சத்தம் போட மாட்டார். ஒருத்தியையும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. அதனாலேயே அவர் சொன்னதையெல்லாம் நம்பினோம். திட்டுகிறவனிடம் சூதானமாக இருந்துகொள்ளலாம். அம்மா போட்டுப் பேசுகிறவனிடம் எப்படி இருப்பது?

ஒருநாள் ஊருக்குள் பைப் போகிற வழியில் லெவல் பார்க்கப் போனார். கட்டை பிடிக்கிற ஆள் வரவில்லை. எட்டாவது படித்தவள் என்று என்னைக் கூட்டிக்கொண்டார். கட்டை என்றால் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், எண் போட்டிருக்கும். அதை நான் அசையாமல் பிடிக்க, அவர் தூரத்தில் முக்காலிமேல் வைத்த குழல் வழியே பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார். தெருத் தெருவாக வந்து, கடைசியில் என் வீட்டு வாசலிலேயே கட்டையை ஊன்றினேன். தெருவே நின்று பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு எழுதினார்.

"சார், எங்க தெருவுக்குத் தண்ணி வந்துரும்லா?"

"வரும்மா. வராமலா பைப்பு போடுவாங்க?"

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துக்கு ஒரு அடிபம்பு வரப்போவதாகப் பேச்சு வந்தது. மேட்டுத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று போட்டி. எதிர்வீட்டு மதினிதான் வீடு வீடாக ஏறி மனுவுக்குக் கையெழுத்து வாங்கினாள். என் வீட்டுக்கு வந்தபோது நான் சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

"அடிபம்பு என்னத்துக்கு மதினி? உப்புத்தண்ணி. அடிச்சு அடிச்சுக் கைதான் வலிக்கும். ஃபில்டர் தண்ணியே வாசலுக்கு வருது. நான்தான கட்டை பிடிச்சேன்."

"நெசமாத்தான் சொல்றயா? ஒன் பேச்சை நம்பி இதைக் கிழிச்சுப் போட்டுருவேன்."

"கிழிங்க. வரலைன்னா என்னையக் கேளுங்க."

கிழித்தாள். அடிபம்பு கீழத்தெருவுக்குப் போனது.

ஃபில்டரைத் திறந்தபோது தொண்ணூறு பிறந்துவிட்டது. மலையடிவாரத்தில் பந்தல், மைக் செட், மாலை. எங்கள் தெரு முக்கிலும் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். மதினி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றினாள். வரிசையில் என் குடத்தைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று அவளே எடுத்து வைத்தாள். நான் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது. காற்று வந்தால் தண்ணீர் வரும் என்றார்கள். அரைச் செம்பு வந்தது. பொறவு அதுவும் நின்றது. கீழத்தெருவில் பிள்ளைகள் குழாயடியில் கத்திக் கும்மாளம் போடுகிற சத்தம் மேட்டில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

பத்து நாள் பொறுத்தார்கள். பதினோராம் நாள் மதினி நடுத்தெருவில் நின்று, "தெரு வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டயேட்டி" என்றாள். நான் அன்றைக்கே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தேரடிப் பக்கம் விசாரித்து, ஓவர்சீயர் வீட்டு வாசலில் நின்றேன். நல்ல வெயில். அவர் வீட்டம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வாங்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். கை வாங்கிவிட்டது. மடக் மடக்கென்று குடித்தேன்.

"உங்க தெரு மேடும்மா. தண்ணி ஏறாது" என்றார் அவர்.

"அது எப்ப சார் தெரிஞ்சது?"

அவர் தரையைப் பார்த்தார். "நீ கட்டை பிடிச்சயே, அன்னைக்கே."

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன சார்? எங்களுக்கு வரவேண்டிய பம்பையாவது வாங்கியிருப்போமே!"

"சொல்லியிருந்தா மறுநாள் மணல் அலச யாரும்மா வந்திருப்பா?"

கொள்ளையில போவான் என்று மனசுக்குள் ஏசினேன். வாய்விட்டுச் சொல்லாததற்கு இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம். காலிச் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கீழத்தெரு அடிபம்புக்குப் போனேன். குழாய் வந்த பிறகு கீழத்தெருக்காரிகள் அதில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடித்த பிறகுதான் மேட்டுத்தெரு பிடிக்கலாம். எங்கள் தெருவில் அத்தனை பேரும் அங்கே குடத்தோடு நின்றார்கள். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. நான் கடைசியில் நின்றேன். மதினி தன் குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"உப்புத்தண்ணிட்டி" என்றாள் மெதுவாக. "அடிச்சு அடிச்சுக் கை வலிக்கும். பாத்து அடி."