காரவானைப் பின்னுக்கு எடுத்த கதை

எனக்கும் என் சகலனுக்கும் இடையில் வந்த குழப்பத்துக்கு ஒரேயொரு சொல்தான் காரணம். அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிறார். நாங்கள் பாரிஸில், லா சப்பலில், நான்காம் மாடியில் ஓர் இரண்டறை வீட்டில் இருக்கிறோம். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை அவர் வீடியோ அழைப்பில் வந்தார். பிள்ளைகளுக்கு ஜூலையில் பள்ளிக்கூடம் விட்டதும் எல்லோரும் புறப்பட்டு வாருங்கள் என்றார். புதிதாக ஒரு காரவான், சக்கரம் பூட்டிய சின்ன வீடு மாதிரி ஒன்று, வாங்கியிருக்கிறாராம். அதைக் காரின் பின்னால் கொழுவிக்கொண்டு நாட்டின் நடுவிலிருக்கும் செம்மண் வெளிக்குப் போய், உலுருப் பாறையைப் பார்த்துவிட்டு வரவேண்டும். மொத்தம் பத்து நாள். வழியில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு ஊரும் இல்லை, ஆளும் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

“நீர் ஓடுறனீர்தானே?”

எங்கள் ஆட்கள் கார் ஓட்டுவதையும் ஓடுவது என்றுதான் சொல்வார்கள். எனக்கு அன்று அது பிடிபடவில்லை. நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் குளிர் உணவுப் பகுதியில் வேலை செய்கிறேன். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை. மத்தியானம் முழுக்கச் சலாட், பின்னேரம் முழுக்கச் சலாட் என்று நின்ற களைப்பில், என் வாழ்க்கையைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

“ஓடாமல் இஞ்சை சீவிக்கேலுமே அண்ணை. ஒவ்வொரு நாளும் ஓட்டந்தான்.”

“அப்ப பிரச்சினை இல்லை. பாதித் தூரம் நீர், பாதித் தூரம் நான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னிடம் பெர்மி இல்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கே எல்லோரும் பெர்மி என்றுதான் சொல்வோம். இரண்டு தடவை சோதனைக்குப் போய் இரண்டு தடவையும் தவறியவன் நான். இரண்டாவது தடவை, கடவையோரம் பிள்ளைவண்டியோடு ஒரு பெண் நிற்பதைக் கண்டு, அவள் கடக்கட்டும் என்று காரை நிறுத்தினேன். அவள் கடக்க நிற்கவில்லை, தொலைபேசியில் பேசிக்கொண்டு நின்றாள். நான் காத்திருந்தேன். பின்னால் ஒரு பஸ்ஸும் காத்திருந்தது. சோதனை எடுத்த அதிகாரி, நீங்கள் மிகவும் மரியாதையான மனிதர் என்று சொல்லிவிட்டு என்னைத் தவறவிட்டார்.

இதையெல்லாம் சகலனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய மனைவி தொலைபேசியைப் பறித்துவிட்டார். அந்தச் சகோதரிகள் இருவரும் நேரில் பார்த்துப் பதின்மூன்று வருடங்கள். அக்கா கலியாணம் கட்டி வன்னியிலிருந்து போனபோது தங்கைக்குப் பத்தொன்பது வயது. பிறகு யுத்தம், முகாம், பாரிஸ், நான், பிள்ளைகள் என்று இவளுடைய காலம் போய்விட்டது. இப்போது இரண்டு பேரும் தொலைபேசியின் இரண்டு பக்கத்திலும் அழுதுகொண்டே, பாலைவனத்தில் புட்டு அவிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் பெர்மியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறு வந்தபோது சகலன் வேலையிடத்தில் விடுமுறை எடுத்து முடித்திருந்தார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் எனக்கு வகுப்பு. காரவானை இழுக்கும்போது எவ்வளவு தூரத்தில் பிரேக் பிடிக்கவேண்டும், பொழுதுபடும் நேரம் கங்காரு குறுக்கே பாய்ந்தால் ஏன் சுக்கானைத் திருப்பக்கூடாது, ஆளுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், செம்மண் தூசி உள்ளே வராமல் எந்த ஓட்டையை எதனால் அடைப்பது. நான் கொப்பியில் எழுதினேன். இடையிடையே கேள்வியும் கேட்டேன். கேள்வி கேட்டதுதான் பிழை. எதிர்க்காற்று பற்றி நான் கேட்ட ஒன்றை அவர் மிகவும் மெச்சி, அனுபவம் உள்ளவர்தான் இப்படிக் கேட்பார் என்று தன் மனைவியிடம் சொன்னார்.

என் மனைவி பக்கத்தில் இருந்து இடியப்பம் பிழிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். அவளுக்குப் பெர்மி இருக்கிறது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. நிறுவனத்தின் சின்னக் காரில் நாள் முழுக்கப் புறநகரெல்லாம் சுற்றுகிறாள். சோதனையில் முதல் தடவையே சித்தியடைந்தவள். வகுப்பு முடிந்ததும் ஒருநாள் நானாகவே அவளைக் கேட்டேன், என்ன செய்யலாம் என்று.

“நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றாள்.

பிள்ளைகளின் ஆயத்தம் வேறு விதமாகப் போனது. மகளுக்கு ஏழு வயது. பயணத்தைக் கேள்விப்பட்டதும் நூலகத்துக்குப் போய் அவுஸ்திரேலியாவின் விஷப் பாம்புகளைப் பற்றிப் படித்துவந்து, பதினொரு பாம்புகளைப் படமாகக் கீறி, வகுப்பில் எழுந்து நின்று விளக்கம் சொன்னாள். கடைசிப் படத்தில் எங்கள் காரவான் நின்றது, அதற்குக் கீழே பன்னிரண்டாவது பாம்பு. அன்று பின்னேரம் ஆசிரியை கொடுத்தனுப்பிய கடிதத்தில், பயணத்தைப் பற்றிப் பெற்றோர் நன்றாக யோசித்துவிட்டீர்களா என்று பணிவாகக் கேட்டிருந்தது.

மகனுக்கு நான்கு வயது. அவன் பாம்புக்குப் பயப்படவில்லை. அவனுக்கு மலகூடம்தான் பிரச்சினை. எங்கள் வீட்டு மலகூடத்தைத் தவிர உலகத்தில் வேறு எதிலும் இருக்கமாட்டான். பள்ளிக்கூடத்தில் அடக்கிக்கொண்டு வந்து நான்கு மாடியும் ஓடி ஏறுவான். பத்து நாளைக்கு எப்படி அடக்குவது? ஆகவே அவனுக்குப் பயிற்சி கொடுப்பதென்று முடிவெடுத்து, புதன் பின்னேரங்களில் கையைப் பிடித்துக்கொண்டு மலகூடம் மலகூடமாகக் கூட்டிப்போனேன். ரயில் நிலையம், நூலகம், கோயில், தெரிந்த ஒருவரின் தொலைபேசிக் கடை. நடைபாதையில் நகரசபை வைத்திருக்கும் தானியங்கிக் கூண்டுக்கும் போனோம். கதவு தானாகத் திறந்தது, உள்ளிருந்து ஒரு பெண்குரல் வணக்கம் சொன்னது. உள்ளே ஆள் இருக்கிறது, நான் போகமாட்டேன் என்று அவன் பிரெஞ்சில் உறுதியாகச் சொல்லிவிட்டான். அது பதிவுசெய்த குரல் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கக் கதவு மூடி, உள்ளே தண்ணீர் இரைந்து கழுவத் தொடங்கியது. அந்த அக்கா குளிக்கிறா என்றான்.

நானும் மனைவியும் விமான ரிக்கெற் பதியப் போன இடத்திலும் இதே கதிதான். ரூ லூயி-பிளாங்கில் பயண முகவர் கடை வைத்திருப்பவர் எங்கள் ஆட்களை உலகம் முழுக்கக் கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் அனுப்பியவர். அடிலெய்டில் இறங்கிப் பிறகு எங்கே போகிறீர்கள் என்று சும்மா விசாரித்தார். நாட்டின் நடுப்பகுதிக்கு என்றேன்.

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போறியள்?”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள், அக்கா வருகிறா என்றாள். அப்படியென்றால் சரி என்று பதிந்து தந்தார்.

ஜூலையில் அங்கே குளிர்காலம், இரவில் தண்ணீர் உறையும் என்று சகலன் அறிவித்தது அதற்குப் பிறகுதான். பிள்ளைகளின் பழைய ஜக்கெற் இரண்டும் சின்னதாகிவிட்டன. நாங்கள் கடைக்குப் போன நேரம் எங்கும் நீச்சல் உடுப்புத்தான் தொங்கியது. பாலைவனத்துக்குப் போகிறோம், தடித்த குளிர் ஜக்கெற் வேண்டும் என்று நான் பிரெஞ்சில் கேட்டதை விற்பனைப் பெண் இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தாள். மொழியில் பிழை என்று நினைத்திருப்பாள்.

மே மாதத்தில் சகலனுக்கு ஒரு யோசனை வந்தது. போவதற்கு முன் ஒரு நாளாவது காரவானில் இருந்து பழகவேண்டும் என்றார். என்னோடு முன்பு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணர் ஒருவர் பாரிஸின் புறநகரான ஆர்ஜொந்தெய்யில் சின்ன வளவோடு வீடு வைத்திருக்கிறார். அவருடைய வளவில் ஒரு பழைய காரவான் நிற்பதும், அதற்குள் அவர் வெங்காய மூட்டைகள் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். கேட்டதும் சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நாலு பேரும் சட்டி பானையோடு ரயிலில் போய் இறங்கினோம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வெங்காயத்தை இறக்கிவிட்டு உள்ளே போனோம். அதன் நீளம் எங்கள் குசினியும் நடையும் சேர்ந்த அளவு. என் மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டைவிட இங்கே அலுமாரி கூட என்றாள். மகள் கட்டில்களுக்குக் கீழே பாம்பு தேடினாள். ஐந்து நிமிடத்தில் மகனைக் காணவில்லை. மூலையில் இருந்த சின்னக் கதவைத் திறந்தால், முகம் நிறையச் சந்தோஷத்தோடு மலகூடத்தில் இருந்தான். ஒருவரும் சொல்லாமல் தானாகவே போயிருக்கிறான். எனக்குக் கண்கலங்கிவிட்டது. அந்தப் பீங்கானுக்குக் கீழே தொட்டி இல்லை, பல வருடங்களுக்கு முன்னரே கழற்றிவிட்டார்கள் என்பதை மட்டக்களப்பு அண்ணர் வெளியே நின்று தன் சப்பாத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு அறிவித்தார். நல்ல மனிதர். மழை கழுவும் என்றார்.

சரியாகப் பத்து மணிக்குச் சகலன் வீடியோவில் வந்தார். அவருக்கு அங்கே பின்னேரம். எல்லாவற்றையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அண்ணரின் வான் ஒன்று நிற்கிறதே, அதில் காரவானைக் கொழுவிப் பின்னுக்கு எடுத்துக் காட்டும் என்றார். முன்னுக்கு எவரும் ஓடலாம், பின்னுக்கு எடுப்பதில்தான் ஆளைத் தெரியும் என்பது அவருடைய கொள்கை. அண்ணர் சந்தோஷமாகக் கொழுவி, வானின் திறப்பை என் கையில் தந்தார். மகள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள்.

நான் சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ற் போட்டேன். கண்ணாடிகளைச் சரிசெய்தேன், இடது, வலது, நடு, பிறகு திரும்பவும் இடது. எவ்வளவு நேரம்தான் கண்ணாடியைச் சரிசெய்யலாம்? மகள் ஜன்னலுக்குக் கிட்ட வந்து, அப்பா உங்களுக்குத்தான் பெர்மி இல்லையே என்று பிரெஞ்சில் மெல்லக் கேட்டாள். இறங்கி அவளிடமிருந்து தொலைபேசியை வாங்கினேன்.

“அண்ணை, என்னட்டை லைசென்ஸ் இல்லை.”

அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“ஓடுறனான் எண்டு சொன்னனீர்.”

“நான் வேலைக்கு ஓடுறதைச் சொன்னனான்.”

“அப்ப அந்த எதிர்க்காத்து?”

மழை தொலைபேசியில் விழுந்து அவருடைய முகம் நீண்டு தெரிந்தது. என் மனைவி காரவானிலிருந்து இறங்கி வந்தாள். கையிலிருந்த குடையை என்னிடம் தந்தாள், திறப்பை வாங்கினாள்.

“அத்தான், நான் எடுக்கிறன். என்ரை பெர்மிக்கு இன்ரநஷனல் பத்திரம் போன மாசமே எழுதிப்போட்டன்.”

எனக்கே அது அப்போதுதான் தெரியும். முதல் தடவை காரவான் வானுக்குக் குறுக்கே மடங்கிப்போய் அண்ணரின் மிளகாய்ச் சாடிகள் இரண்டைக் கவிழ்த்தது. இரண்டாவது தடவை மதிலுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினாள். சகலன் அங்கிருந்து, எந்தப் பக்கம் போகவேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை நேராகப் போனது. அண்ணர் கைதட்டினார். சகலன் மட்டும், பொம்பிளைப் பிள்ளை அந்த ரோட்டிலை எப்படி என்று இழுத்தார். அவருக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“இவர் பின்னுக்கு எடுத்து ரெண்டு தரம் எங்கடை கேற்றை இடிச்சவர். மற்றப் பாதியை நான் ஓடுறன்.”

அத்தோடு திட்டம் மாறியது. அடுத்த ஞாயிற்றிலிருந்து வகுப்பு சகோதரிகளுக்கு இடையில் நடந்தது. நான் இடியப்பம் பிழியப் பழகினேன்.

ஜூலையில் போனோம். சகோதரிகள் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் பின்னால் பெட்டிகளோடு வந்த வரிசையே நின்றுவிட்டது. பயணம் தொடங்கியதும் அவர்கள் இருவரும் முன்னாசனத்தில், மாறிமாறி ஓடிக்கொண்டு. நடுவரிசையில் பிள்ளைகள். நானும் சகலனும் கடைசி வரிசையில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, தோடம்பழம் உரித்து முன்னுக்குக் கொடுத்தோம். அவர் முதல் நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. இரண்டாம் நாள் என் சோதனை அதிகாரியின் கதையைக் கேட்டுச் சிரித்து, பிறகு சரியாகிவிட்டார். வெளியே சிவப்பு மண்ணும் காய்ந்த புல்லும் அளவில்லாத வானமும். மகளுக்கு ஒரு பாம்பும் கிடைக்கவில்லை. குளிரில் அவை வெளியே வராதாம். மிகவும் கோபமாக இருந்தாள்.

முன்னால் பேச்சு ஒருநாளும் ஓயவில்லை. செத்துப்போன தகப்பனைப் பற்றி, முகாமில் இருந்த மாதங்களைப் பற்றி, யார் யாருடைய சட்டையைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனது என்பதைப் பற்றி. என்னிடம் எட்டு வருடங்களில் சொல்லாத பல விஷயங்களை என் மனைவி அந்த ரோட்டில் சொல்லிக்கொண்டு போனாள். பின்னால் இருக்கிற எங்களுக்குக் கேட்கும் என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள் போலிருந்தது.

நான்காம் நாள் மத்தியானம், உலுருவுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டிய சந்தி வந்தது. பெரிய பலகை. என் மனைவி சந்தியைப் பார்க்காமல் நேரே ஓடினாள். அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தா. இவள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சகலன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

“சொல்லுவமோ?” என்று மெல்லக் கேட்டார்.

“நீங்கள் சொல்லுங்கோ.”

அவர் வெளியே பார்த்தார். அடுத்த பெற்றோல் நிலையம் வரும்வரைக்கும் நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.