மூன்றாவது வீட்டின் காதுக்குறி

இத்தாலியின் சார்தீனியத் தீவின் நடுமலையில், எங்கள் ஊருக்கு மேலே ஒரு மணி நேர நடையில், பாறையைக் குடைந்த ஏழு சிற்றறைகள் இருக்கின்றன. யானாக்களின் வீடுகள் என்போம். யானா என்றால் சாண் உயரத் தேவதைப் பெண். அவை ஐயாயிரம் வருடத்துக் கல்லறைகள் என்று படித்தவர்கள் வந்து சொன்ன பிறகும் நாங்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே மரக்கொட்டகையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பது மல்லேனா என்கிற நான். சாவியும் விளக்குமாக ஆட்களை உள்ளே அழைத்துப் போவது பக்கீசியோ அண்ணன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

பக்கீசியோ அண்ணனுக்கு அறுபத்து நாலு வயது. நாற்பது ஆடு வைத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம், குகைக்குள் நுழைந்தால் மட்டும் மடை திறந்துவிடும். வெளியூர்ப் பெண்கள் அவர் பேச்சைக் கேட்டு மயங்கிப்போய்க் கைகுலுக்கினால் காது வரைக்கும் சிவந்துவிடுவார்.

அவருடைய பேச்செல்லாம் மூன்றாவது வீட்டுக்குத்தான் சேர்த்து வைத்தது. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். சுவரில் முழ நீளத்துக்கு ஒரு செதுக்கல்: நேராக ஒரு கோடு, கீழ்முனையில் மூன்று கிளை. நடுக்கிளை தலையாம், மற்ற இரண்டும் கையாம். இறந்த மனிதன் தலைகீழாகப் பாதாளத்துக்குப் போகிறான் என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஊரே அந்தத் தலைகீழ் மனிதனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. ஈஸ்டருக்கு அந்த உருவத்தில் ரொட்டி சுடுகிறார்கள். கால்பந்துக் குழுவின் சட்டையிலும் அவன்தான். குழு ஜெயித்ததே இல்லை. தலைகீழாகப் போகிறவனை நெஞ்சில் குத்திக்கொண்டால் வேறென்ன ஆகும்?

போன மே மாதம் ஒரு நாள் மத்தியானம் அண்ணன் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். நான் வைத்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தொடவில்லை.

"மல்லேனா, எங்க அண்ணன் வர்றான்."

அவருடைய அண்ணன் கொனாரியோ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணில் ஊரை விட்டுப் போனவர். ஜெர்மனியில் ஒரு டயர் ஆலையில் வேலை பார்த்து, அங்கேயே இருந்துவிட்டார்.

"வரட்டுமே. நல்ல விஷயந்தானே. அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"மூணாவது வீட்டப் பாக்கணுமாம்."

"காட்டுங்க. ஊரு உலகத்துக்கெல்லாம் காட்டுறீங்க, கூடப் பொறந்தவருக்குக் காட்ட மாட்டீங்களா?"

அவர் ரொட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தத் தலைகீழ் மனுசன் மனுசனே இல்ல மல்லேனா. அது எங்க வீட்டுக் காதுக்குறி."

எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பமும் தன் ஆட்டுக் காதை ஒரு விதமாக வெட்டும். அதுதான் அடையாளம், கையெழுத்து எல்லாம். பக்கீசியோ வீட்டுக் குறி, வலது காது நுனியில் இரண்டு கீறல். கீறினால் காது மூன்று கிளையாகத் தொங்கும். மழைக்கோ பனிக்கோ எங்காவது ஒதுங்குகிற மேய்ப்பன் தன் குறியை அங்கே சுவரில் கீறிவிட்டு வருவது வழக்கம்.

எழுபத்தொண்ணு ஜனவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. இருபத்தாறு வயதுக் கொனாரியோ மேலே மாட்டிக்கொண்டார். அதே இரண்டு நாளில் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறத்துப் பட்டியிலிருந்து பத்தொன்பது ஆடு காணாமல் போனது. பழி அவர்மேல் விழுந்தது. "நான் யானா வீட்டுல கெடந்தேன். ரெண்டு குட்டி அங்கதான் பொறந்துச்சு. குறி கீறியிருக்கேன், குட்டிக்கு ரெண்டு கோடும் போட்டிருக்கேன். போய்ப் பாருங்க" என்றார். ஒருத்தரும் போகவில்லை. குறியை அப்புறமாகக்கூடக் கீறிக்கொள்ளலாமே என்றார்கள். அப்படி முதலில் சொன்னது என் அப்பா.

போலீஸ், வழக்கு எதுவும் இல்லை. எங்கள் ஊருக்கு அதெல்லாம் தேவைப்படாது. மே மாதம் ஆட்டு மயிர் கத்தரிக்க ஊரே பட்டி பட்டியாகப் போகும். யார் பட்டிக்கு ஆள் வரவில்லையோ அவன் தீர்ந்தான். அந்த வருடம் கொனாரியோவின் பட்டிக்கு யாரும் வரவில்லை. அண்ணனும் தம்பியும் மட்டும் நூற்றிருபது ஆட்டை மூன்று நாள் கத்தரித்தார்கள். இலையுதிர்காலத்தில் அவர் ரயில் ஏறினார்.

"நீங்களாவது போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"போகல. போய்ப் பாத்து அங்க ஒண்ணும் இல்லேன்னா என்ன பண்றதுன்னு பயம். தொண்ணூத்தி நாலுல ஆராய்ச்சிக்குப் பேராசிரியர் வந்து, மேய்ப்பருங்க தீ மூட்டுன கரியத் தேச்சு எடுத்தப்போ, வாளியப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னேன். குறி தெரிஞ்சுது. அவரு அழுதுட்டாரு, அஞ்சாயிரம் வருசம்னு. நான் வாயத் தொறக்கல."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருபத்திரண்டு வருசம் மூடுன வாயி, இன்னும் ஒரு நாளைக்கு மூடியே இருக்கட்டும். சொன்னா பலகையும் போயிரும், நம்ம வேலையும் போயிரும்." என் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே நான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வியாழக்கிழமை கொனாரியோ வந்தார். உயரமான, ஒல்லியான கிழவர். டிக்கெட் வேண்டாம் என்றேன்.

"குடும்மா. நான் இங்க வெளியூர்க்காரன்தானே."

மிலானிலிருந்து வந்த நாலு பேரோடு அவரும் உள்ளே போனார். கொட்டகையை மூடிவிட்டு நானும் பின்னாலேயே தவழ்ந்தேன்.

பக்கீசியோ அண்ணன் விளக்கைத் தூக்கிப் பிடித்து இத்தாலிய மொழியில் ஆரம்பித்தார்: "ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு..." அதற்குமேல் வரவில்லை. எங்கள் பாஷைக்கு மாறினார்.

"அண்ணே, என்னால முடியல. இது நீ கீறுனது. தொண்ணூத்தி நாலுலயே எனக்குத் தெரியும். ஊருக்காகச் சொல்லாம இருந்துட்டேன். ஊருக்காகன்னுகூட இல்ல, என் வேலைக்காக."

கொனாரியோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னோடது இல்லடா."

"என்னண்ணே சொல்ற?"

"ரெண்டு கோடு எங்க? குட்டிக்குப் போட்ட கோடு? அந்தக் குளிர்ல நான் உக்காந்து முழ நீளத்துக்குச் செதுக்கிக்கிட்டா இருப்பேன்? படுத்துக் கெடந்தேன்டா."

சொல்லிக்கொண்டே இடது மூலையில் ஒருக்களித்துப் படுத்தார். அன்றைக்குப் படுத்த மாதிரியே படுத்திருக்க வேண்டும். அந்த மூலையில்தான் பக்கீசியோ அண்ணன் தினமும் மாற்று விளக்கை வைப்பார். கொனாரியோ அதை நகர்த்திவிட்டு, கட்டைவிரலை எச்சிலில் நனைத்துக் கரியைத் தேய்த்தார். விரல் நீளத்துக்கு ஒரு கீறல், மூன்று கிளை. கீழே இரண்டு சின்னக் கோடுகள்.

பக்கீசியோ அண்ணன் சிரித்தே விட்டார். "அப்போ மேல இருக்கறது நெசமாவே பழசு. நம்ம குறி மாதிரியே இருந்துச்சுண்ணே, அதான் ஏமாந்துட்டேன். நல்ல வேளை, ஒண்ணும் கெட்டுப்போகல."

கொனாரியோ எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது என்னோடதுன்னு நெனச்சியா?"

"ஆமாண்ணே."

"இருபத்திரண்டு வருசமா?"

"ஆமா."

"நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சும் எனக்கு ஒரு கடுதாசி போடல."

பக்கீசியோ அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கொனாரியோ எங்கள் யாரையும் பார்க்காமல் தவழ்ந்து வெளியே போனார்.

மிலான்காரர்களில் ஒரு அம்மாவுக்கு நடந்தது எதுவும் புரியவில்லை. கீழே இருக்கிற சின்னது எத்தனை வருடப் பழசு என்று கேட்டார்.

"நாற்பத்தைந்து" என்றார் பக்கீசியோ அண்ணன், இத்தாலிய மொழியில். "என் அண்ணன் கீறியது. பனி கொட்டிய நாளில் இங்கேதான் இருந்தேன் என்றார். யாரும் நம்பவில்லை. நானும் வந்து பார்க்கவில்லை."

"நம்ம பாஷையில சொல்லுங்க" என்றேன். "அவருக்குக் கேக்கணும்."

அண்ணன் வாசல் பக்கம் திரும்பி, எங்கள் பாஷையில், தொண்டை கிழியச் சொன்னார். அந்தச் சின்ன அறையில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. வெளியே சத்தமே இல்லை. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் குரல் வந்தது. "ஞாயித்துக்கெழமை ஒன் பட்டியில கத்தரிப்பாமே. அங்க வச்சுச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்திருந்தார்கள். யாரும் கத்தரியை எடுக்கும் முன்னால் பக்கீசியோ அண்ணன் பட்டியின் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார், தான் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சேர்த்து. கொனாரியோ முதல் ஆட்டை மடக்கிப் போட்டு, முழங்காலை ஊன்றிக் கத்தரிக்க ஆரம்பித்தார். கை மறக்கவில்லை.

என் அப்பாவுக்கு இப்போது எண்பத்து நாலு. குனிய முடியாது என்பதால் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். கைத்தடியை ஊன்றி எழுந்து கொனாரியோவின் அருகே போய் நின்றார்.

"நாங்க போய்ப் பாத்திருக்கணும், கொனாரியோ."

கொனாரியோ நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்டைப் புரட்டி அடுத்த பக்கத்தைக் கத்தரிக்கத் தொடங்கினார்.

"ஒரு மணி நேர நடைதான்" என்றார்.