அக்கா உயரமாக இருந்த ஐந்து நாள்

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண் பள்ளிக்கூடத்துக்கு ஹீல்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கால் பிசகிவிடும் என்றாள் அம்மா. "செருப்புன்னா செருப்பு, இதுல என்ன இருக்கு" என்று அப்பா பேப்பரைத் திருப்பினார். ஆறாம் வகுப்பில் இருந்த என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அந்த ஹீல்ஸ் எங்கள் சித்தியுடையது. யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கி, ஒரே நாள் போட்டு, கால் சுளுக்கி, சனியன் என்று திட்டி எங்கள் வீட்டுப் பரணில் எறிந்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, ஒரு திங்கட்கிழமை யூனிபார்மோடு மாட்டிக்கொண்டாள். திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் தெருவில் அவள் டக் டக்கென்று நடக்க, பூக்கார அம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டுப் பார்த்தது.

அக்காவுக்கு அப்போது சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை. பரீட்சை முடிந்து, பதினெட்டும் முடிந்தால் கல்யாணம் என்று பேச்சு. அக்காவுக்கோ நர்சிங் படிக்க வேண்டும். அழுது பார்த்தாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். "நல்ல எடம்டி, விட முடியுமா" என்பதற்கு மேல் அம்மாவிடம் பதில் இல்லை. பையனின் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார். நகை உங்கள் இஷ்டம், படிப்பு எவ்வளவு இருந்தாலும் சரி. பொண்ணு மட்டும் பையனைவிட உயரமாக இருக்கக் கூடாது. பையன் கொஞ்சம் கட்டை. போட்டோவைப் பார்த்தே அக்கா கணக்குப் போட்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், பெண்ணுக்குத் தெரியாமல் வெளியே எங்காவது நின்று ஒரு நோட்டம் விட்டுவிடுவார்கள். பிடித்தால்தான் பூவும் பழமும் வீடு தேடி வரும். வீட்டுக்கு வந்துவிட்டால் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், உயரம் அம்பலமாகிவிடும். ஆக, அக்காவுக்கு வாய்த்தது அந்த வெளி நோட்டம் ஒன்றுதான். இந்த வாரம் பள்ளிக்கூட வாசலில் வந்து பார்ப்பார்கள் என்று அம்மா போனில் சித்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. எந்த நாள் என்று தெரியாததால் தினமும் போட்டுக்கொண்டாள். இந்தச் சூட்சுமம் எல்லாம் எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது வெறும் ஸ்டைல். வயிறு எரிந்தது, வேறென்ன!

செவ்வாய்க்கிழமை பி.டி. டீச்சர் பிடித்துவிட்டார். "இது ஸ்கூலா, சினிமா ஷூட்டிங்கா?" என்று பிரேயரில் எல்லோர் முன்னாலும் கேட்டு, ஹீல்ஸைக் கழற்றி ஸ்டாஃப் ரூம் வாசலில் வைக்கச் சொன்னார். அக்கா நாள் முழுக்க வெறுங்காலோடு இருந்தாள். மணி அடித்ததும் ஓடிப்போய் மாட்டிக்கொண்டுதான் கேட்டைத் தாண்டினாள். புதனும் வியாழனும் இதே கூத்து. குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"இவ்ளோ அவஸ்தப்பட்டு இது எதுக்குடி உனக்கு?" என்று அம்மா மஞ்சளை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குப் புடிச்சிருக்கும்மா."

அடேயப்பா, என்ன அழுத்தக்காரி!

வெள்ளிக்கிழமை சாயந்தரம் என்னைக் கேட்டருகே நிற்கச் சொல்லிவிட்டு, அக்கா கிராஃப் நோட்டு வாங்க எதிர்க் கடைக்குப் போனாள். என் பக்கத்தில் தலை நிறையப் பூ வைத்த ஓர் அம்மாள் நின்றிருந்தார். அக்கா போவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் குனிந்தார்.

"அந்தப் பொண்ணு உனக்கு யாரு பாப்பா?"

"எங்க அக்கா."

"யப்பா! இவ்ளோ ஒசரமா இருக்கா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் திரும்பினார். அந்த முகமெல்லாம் எனக்கெங்கே புரிந்தது? சித்தியின் செருப்பால் வந்த பாராட்டை அக்கா சும்மா தட்டிக்கொண்டு போகிறாளே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அய்யே, அது ஹீல்ஸு ஆன்ட்டி! கழட்டுனா உங்க காது வரைக்கும்தான் வருவா."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா. தெனமும் இப்பிடித்தான் ஏமாத்துறா."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் கன்னத்தைக் கிள்ளி, "அப்ப எம் புள்ளைக்கு அளவாத்தான் இருப்பா" என்றார். கைப்பையிலிருந்து ஒரு பெரிய சாக்லெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா இப்போது சிதம்பரத்தில்தான் இருக்கிறாள். மாமா நல்ல மனுஷர், அவரைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், அக்கா நோயாளியை விட்டுவிட்டு நர்சுகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கிராஃப் நோட்டோடு திரும்பி வந்ததும், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா குனிந்து ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் வெறுங்காலோடு அழுதுகொண்டே நடந்தாள். குட்டை என்பது வெளியே தெரிந்துபோன வெட்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே பாவமாகிவிட்டது. சாக்லெட்டில் பாதியை உடைத்து அவள் கையில் திணித்தேன்.

"அழாதக்கா. நீ குட்டையா இருந்தாலும் பரவாயில்லியாம். அவுங்களுக்கு உன்ன ரொம்பப் புடிச்சிடுச்சி."