கப்பைத் தோட்டத்துக்கு ஒட்டிய பச்சைப் பொட்டு

கேசட் வாடகைக்கு விடுகிறவன் உலகத்துப் படமெல்லாம் பார்த்தவன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் எந்தப் படத்தையும் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்காதவன் அவன் ஒருவன்தான். எண்பதுகளில் வீடியோ கடை வைத்துத் தலைமுடியை இழந்த சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படத்தில் கோடு ஓடுகிறது, டேப் சிக்கிக்கொண்டது, கிளைமாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வீட்டுக் கல்யாணம் பதிந்திருக்கிறது என்று நாள் முழுக்கப் பஞ்சாயத்து. இதற்கு நடுவில் உட்கார்ந்து படம் பார்க்க ஏது நேரம்? அந்தப் பத்து நிமிஷத்தை நம்பி நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களில் ஒருவராவது "எனக்கும் இப்படித்தான்" என்று சொன்னால் போதும்.

பச்சையும் சிவப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் என் கடை. மாடியில் கட்டடத்தின் சொந்தக்காரர் பிரேம்ஜி சேட் குடும்பத்தோடு இருந்தார். குஜராத்திக்காரர், சுக்கு மிளகு வியாபாரம், சிரித்து யாரும் பார்த்ததில்லை. வீடியோ கடை என்றாலே கதவைச் சாத்துகிற தெருவில் அவர் ஒருவர்தான் எனக்கு இடம் கொடுத்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. வேண்டாத படம் ஒன்று படிக்குள் வந்தாலும் அந்த மாதமே நான் காலி செய்ய வேண்டும். கிடங்கு வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். இந்த இடம் போனால் வேறு இடமும் கிடையாது, திரும்பிப் போக வேலையும் கிடையாது.

அதனால் நானும் என் மனைவி விஜயாவும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். புதுக் கேசட் வந்தால் டெக்கில் போட்டு முதல் பத்து நிமிஷம் பார்ப்போம். குடும்பத்தோடு பார்க்கலாம் என்றால் பச்சைப் பொட்டு. கத்திக்குத்து, முத்தம் என்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சிவப்புப் பொட்டு. அது மேசைக்கு அடியில் போய்விடும். அதற்கு மேல் விவகாரமான படம் என்னிடம் கிடையாது. சேட் ஒருநாள் இறங்கி வந்து பொட்டுகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதுவே பெரிய சர்டிபிகேட் மாதிரி இருந்தது எங்களுக்கு.

அப்போதுதான் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் உறையில்லாத இங்கிலீஷ் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பெயர் அழிந்து போயிருந்தது. போட்டுப் பார்த்தோம். நீளமுடிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு தோட்டத்தில் இடுப்பளவுச் செடிகளுக்குப் பாட்டுப் பாடித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கூட ஒரு ஆடு. அவர்கள் பேசிய இங்கிலீஷ் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை, ஆனால் செடி புரிந்தது. கொச்சியில் பிறந்தவனுக்கு, விரித்த கைவிரல் போல இலை இருந்தால் அது கப்பை. நீங்கள் மரவள்ளி என்பீர்கள். "கப்பைத் தோட்டம், காமெடி" என்று எழுதிப் பச்சைப் பொட்டு ஒட்டினேன். விஜயா மட்டும் டி.வி.யைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "கப்பைக்கு இத்தனை தண்ணி ஊத்தினா கிழங்கு அழுகிப் போகுமே. இவனுங்களுக்குக் கிருஷி ஒண்ணும் அறியாது போல."

ஔசேப்பு சேட்டனின் சந்தேகம்

முதலில் அதை எடுத்துப் போனவர் வைப்பின் தீவுக்காரர் ஔசேப்பு சேட்டன். அவருக்கு நிஜமாகவே கப்பைத் தோட்டம் உண்டு. வெளிநாட்டுக்காரன் எப்படிப் பயிர் செய்கிறான் என்று பார்க்க, டெக்கையும் வாடகைக்கு எடுத்து, தலையில் துண்டு போட்டு அதன்மேல் வைத்து, போட் ஏறிப் போனார். மறுநாள் கேசட்டோடு வந்தவர் உடனே போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், பாதிரியார்கூட வந்திருந்தாராம்.

"பின்னே என்ன சேட்டா, பிடிக்கலையா?" என்றேன்.

"பிடிச்சது, பிடிச்சது. ஆனா தம்பி, படம் தீர்ற வரைக்கும் ஒருத்தனும் கிழங்கு தோண்டலையே. இலையை உணக்கி, பீடி மாதிரி சுருட்டி இழுக்கறான். அது எந்த நாட்டுக் கப்பை?"

ஆடு மட்டும்

அன்று மத்தியானமே கடையைப் பாதி சாத்திவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேசட்டை முழுக்கப் பார்த்தேன். விஜயாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தேகமே இல்லை, கஞ்சா. இரண்டு பேரும் பாடுபட்டு வளர்த்ததை ஆடு தின்றுவிடுகிறது. அந்த ஆட்டின் பின்னால் ஊரே ஓடுகிறது. கடைசியில் ஆடு போலீஸ் ஸ்டேஷன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நம் படங்களில் கஞ்சா என்றால் கலர் விளக்கு, ஒரு பாட்டு, கடைசி ரீலில் கதாநாயகனின் தங்கை சாவு. எழுபதுகளில் தியேட்டரில் அப்படி எத்தனை தங்கைகளுக்காக அழுதிருக்கிறேன்! இதிலோ யாரும் சாகவில்லை, யாரும் திருந்தவும் இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சேட்டின் நிபந்தனை ஞாபகம் வந்து மாடிப்படியை எட்டிப் பார்த்தேன்.

கேசட்டைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் ஔசேப்பு சேட்டன் தீவு முழுக்கச் சொல்லிவிட்டார், தினமும் ஆட்கள் வந்து கேட்டார்கள். எனக்கும் ஆசை விடவில்லை. பச்சைப் பொட்டின்மேலேயே ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி மேசைக்கு அடியில் தள்ளினேன். சிவப்பு என்றதும் வேறு எதையோ எதிர்பார்த்து எடுத்துப் போன ஒரு கல்யாணமாகாத கிளார்க், மறுநாள் கேசட்டை மேசையில் வீசாத குறையாக வைத்தார்: "எந்தா சேட்டா இது, ஏமாத்தறதா? ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு பொண்ணு வரல்ல, ஆடு மட்டும்தான் வருது."

பந்த் நாளில் ஒரு வெள்ளைக்காரர்

போர்ட் கொச்சியில் வருஷக்கணக்காக ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். எழுபதுகளில் தாடியும் ஜோல்னாப் பையுமாக வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். மலையாளம் பேசுவார், முண்டு கட்டுவார், எல்லாரும் சாயிப் என்பார்கள். ஒரு பந்த் அன்று போக வழியில்லாமல் என் கடையில் பத்துப் பேர் மாட்டிக்கொண்டோம், சாயிப்பும் இருந்தார். பொழுது போகட்டும் என்று கப்பைத் தோட்டத்தைப் போட்டேன். அத்தனை பேரும் படத்தைப் பார்க்கவில்லை, சாயிப்பைத்தான் பார்த்தார்கள். அவர் சிரித்தால் சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். அவரோ கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

உங்கள் ஊர்ப் படம், உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா என்று கேட்டேன். சந்தில் அப்போது நாலு ஆடுகள் யாருடைய சாக்கையோ மென்றுகொண்டு போயின. மட்டாஞ்சேரியில் ஆள் நடக்காத நாளிலும் ஆடு நடக்கும். அவற்றைக் காட்டி சாயிப் சொன்னார்: "என் அம்மை இந்தப் படம் கண்டு, நான் இங்க இப்படியா ஜீவிக்கிறேன்னு அழுது லெட்டர் போட்டா. நான் பதில் எழுதினேன்: ஆடு உண்டு அம்மே, மத்தது நிறுத்தியாச்சு."

மஃப்டியில் வந்தவர்

அதற்குள் படம் ஊர்ப்பேச்சாகிவிட்டது. சாயாக்கடையில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால், "என்னடா, கப்பைத் தோட்டம் போய் வந்தியா?" என்பார்கள். இந்தப் பெயர் எங்கெல்லாம் போகக் கூடாதோ அங்கெல்லாம் போகும் என்று விஜயா சொல்லிக்கொண்டே இருந்தாள். போயிற்று. சாராயம், கஞ்சா பிடிக்கிற கலால் இலாகாவில் காவலராக இருந்த பாஸ்கரன் நாயர் சாதாரணச் சட்டையில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தக் கப்பை கேசட் எடு" என்றார். ரெய்டு என்றால் கீழே போலீஸ், மாடியில் சேட். இரண்டில் எது முதலில் என்பதுதான் கேள்வி. எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று நாள் அவர் வரவில்லை. மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சிவராத்திரி. காலையிலேயே வந்து கேசட்டை மேசைமேல் வைத்தார். சிவப்புப் பொட்டு அவர் வீட்டில் எங்கோ உதிர்ந்து, அடியிலிருந்த பச்சை வெளியே வந்திருந்தது. பொட்டின்மேல் ஒட்டிய பொட்டு அந்த உப்புக் காற்றில் நிற்காது. பயத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

"கேஸ் ஏதாவது சார்...?" என்று இழுத்தேன். பாஸ்கரன் நாயர் பெருமூச்சு விட்டார்: "என்ன கேஸ்? எனக்கும் ஒரு தடவை படகுத்துறையில வெச்சுப் பிடிச்ச கஞ்சா மூட்டையை ஆடு தின்னுச்சு. அந்த வெள்ளைக்காரனுக்குப் படம் எடுக்கத் தோணியிருக்கு. எனக்கு ட்ரான்ஸ்பர்தான் கிடைச்சது."

சிவராத்திரி

நிம்மதியாகப் புதுக் கேசட் எடுக்க எறணாகுளத்துக்கு போட் ஏறினேன். மத்தியானம் திரும்பி வந்தபோது விஜயா கடை வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சேட் இறங்கி வந்திருக்கிறார். வீட்டில் இருபது விருந்தாளிகள், குடும்பப் படம் வேண்டும் என்று மேசைமேல் கிடந்த கேசட்டைத் தாமே எடுத்து, பச்சைப் பொட்டைப் பார்த்துத் திருப்தியாகி, படியேறிவிட்டார். "பின்னாலயே ஓடினேன். கதவைச் சாத்திட்டாங்க," என்றாள். இரண்டு பேரும் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தோம். அலமாரி, பெஞ்ச், அவள் கையால் எழுதிய லேபிள்கள். இவ்வளவுதான் நம் கடை, முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை.

படியேறினேன். வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. உள்ளே பெரியவர்கள், மருமகள்கள், குழந்தைகள் எல்லாரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஆடு மென்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சேட் எழுந்து போய் டெக்கை நிறுத்தினார்.

"பச்சை ஒட்டினது நீதானே?"

"நான்தான் சேட்ஜி. கப்பைன்னு நினைச்சு, தெரியாம..."

சேட் சுவரோரம் கையைக் காட்டினார். சிவன் படத்துக்கு முன்னால் ஒரு பெரிய பித்தளைக் குடம், சந்தனப் பொட்டோடு. பக்கத்தில் அம்மியில் அரைத்த பச்சை விழுது, தோலுரித்த பாதாம், ஏலக்காய். குழந்தைகளுக்கென்று தனியாக வெறும் பாதாம் பால். சிவராத்திரிக்கு அவர்கள் வீட்டில் பாங்கு, அதாவது அதே கஞ்சா இலையை, அரைத்துப் பாலில் கலந்து சாமிக்குப் படைத்துக் குடிப்பது தலைமுறை வழக்கமாம். ஐந்து வருஷம் அதற்குக் கீழேயே கடை வைத்திருந்த எனக்குத் தெரியாது. பிறகு சேட்டின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும். சொன்னார்: "முட்டாப் பசங்க! எல்லாத்தையும் புகைச்சே தீர்க்கறான். அரைக்கத் தெரியல, பாதாம் போடல, பால் ஊத்தல, சாமிக்கு முன்னாடி வைக்கல. அந்த ஆடு ஒண்ணுதான் முறையா சாப்பிடுது. பச்சைப் பொட்டு அப்படியே இருக்கட்டும். கீழ போய் உன் பெண்சாதியையும் கூட்டிட்டு வா, முதல்லேர்ந்து போடலாம்!"

நான் அந்தத் தொழிலில் ஒட்டிய ஆயிரம் பொட்டுகளில் கடைசிவரை ஒருவரும் குறை சொல்லாத பொட்டு அது ஒன்றுதான், அதுவும் செடியைத் தப்பாகப் பார்த்து ஒட்டியது.